மருட்கையும் உவகையும்: சிவகாசிப் படக்கதைகளும் பால்புதுமைக் காதற்புனைவும்

பொருளும் எல்லையும்

தமிழ்த் துறைகளில் சிறுகதையும் புதினமும் ஆய்வுக்குரியனவாக ஏற்கப்பெற்று நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும் மூவகை நூல்கள் இன்றும் ஆய்வறையின் வாயிலிலேயே நிற்கின்றன. ஒன்று, காமிக்ஸ் எனவும் சித்திரக்கதை எனவும் வாசகர் வழங்கும் படக்கதை. மற்றொன்று, பண்டை வரலாற்றுச் சூழலோடு வியத்தகு நிகழ்ச்சிகளைப் புணர்த்துக் கூறும் மாயப்புனைவு. மூன்றாவது, ஆணும் பெண்ணும் என்னும் வழக்கமான இணைப்புக்கு அப்பாற்பட்ட காதலைப் பொருளாகக் கொண்ட புனைவு. சிறுவர்க்கு உரியது என முதலாவதும், பொழுதுபோக்கு என இரண்டாவதும், பேசக் கூசுவது என மூன்றாவதும் விலக்கப்பட்டன. கூறிய காரணங்கள் வேறுவேறாயினும் விலக்கிய மனப்பான்மை ஒன்றே. சுவை இன்ன பொருளில்தான் பிறக்கும் என்று நூலைத் திறக்குமுன்னரே முடிவுசெய்துகொள்வது அம்மனப்பான்மை.

இம்மூன்றையும் அண்மையில் ஒருங்கே வைத்துப் படித்தபோது, இவை தம்முள் உறவுடையன என்னும் எண்ணம் நமக்கு வலுப்பெற்றது. அவ்வுறவு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் வேண்டும். 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம், வயதுவந்தோர் இருவர் தம்முள் இசைந்து கொள்ளும் தன்பால் உறவு குற்றமாகாது எனத் தீர்ப்பளித்தது. பின்னர், சென்னை உயர்நீதிமன்றம் காட்டிய நெறியை ஒட்டி, 2022-இல் தமிழ்நாட்டரசு இத்தகையோரை மதிப்புடன் சுட்டுதற்குரிய சொற்களைத் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது. பழைய வசைச்சொற்களை விடுத்து, 'பால்புதுமை' என்னும் சொல்லை ஈண்டுப் பொதுப்பெயராக ஆள்கின்றோம். புதுமை என்பது மெய்ப்பாட்டியலில் மருட்கைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அளவுகோல்

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளை நாம் அளவுகோலாகக் கொள்கின்றோம். அவற்றுள் ஈண்டு நமக்கு வேண்டுவன ஐந்து: நகை, இளிவரல், அழுகை, மருட்கை, உவகை. மருட்கை பிறக்கும் களங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு கூறப்படுகின்றன. ஆக்கம் என்பது ஒன்று பிறிதொன்றாய் மாறுதல் கண்டு வியத்தல் என்னும் கருத்தில் விளக்கப்பெறும். அறிவால் அளந்து முடிவுகாண இயலாத நிலையே மருட்கையின் இயல்பு. உவகைக்குரிய களங்கள் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு. துன்பம் நீங்கிய நிலையே உவகை என ஆசிரியர் வரையறுப்பர்.

பால்புதுமைக் காதல் தமிழ்ப் புனைவில் நகையிலும் இளிவரலிலும் தொடங்கி அழுகையை எய்தியுள்ளது. உவகையை இன்னும் தயக்கத்துடனேயே அணுகுகின்றது. அழுகையினின்று உவகைக்குச் செல்லும் வழி மருட்கை ஊடாகச் செல்கின்றது. தமிழ் வாசகர்க்கு மருட்கைச் சுவையை மாதந்தோறும் பழக்கிய பள்ளி சிவகாசிப் படக்கதையே. இதுவே நாம் நிறுவ விரும்பும் கருத்து.

சிவகாசியின் மாயாவி

நாரணாபுரம் சிவகாசியை ஒட்டியுள்ள ஊர். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் அவ்வட்டாரத்து மக்களுக்கு வாழ்வளிக்கின்றன. இம்மூன்றும் தம்முள் தொடர்புடையவை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். மறு ஆண்டில் அத்தொழில் சிவகாசியில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக் கட்டுக்கும் வண்ணச் சீட்டு வேண்டியிருந்தமையின் அச்சகங்கள் எழுந்தன. சீட்டு அச்சடித்த கைகள் பின்னர் நாட்காட்டியும் நாட்குறிப்பும் பாடநூலும் அச்சடித்தன. மழை குறைந்த கரிசல் நிலத்தில் வண்ணமும் மருந்தும் விளைபொருள்களாயின.

இந்த அச்சுச் சூழலிலேயே 1972-இல் சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். அதன் முதல் நூல் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழில் 1962-இல் தோன்றிய தொடர் அது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அதனை வரைந்தார். லூயிஸ் கிராண்டல் என்பான் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கின்றான். மின்சாரம் பாய்ந்தவுடன் அவன் உடல் முழுதும் மறைகின்றது. இரும்புக்கை மட்டும் காற்றில் மிதப்பதுபோல் தோன்றுகின்றது.

இத்தொடரின் தமிழ்ப் பெயரைக் கருதுக. ஆங்கிலப் பெயர் எஃகாலாய உகிர்க்கையை மட்டுமே சுட்டுவது. தமிழ்ப் பெயரோ அதனோடு 'மாயாவி' என்னும் சொல்லை இணைத்தது. மின்னியல் விபத்தினால் விளைந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்று, அச்சொல்லால் காப்பியத்துக்கும் நாட்டார் கதைக்கும் உரிய உலகிற் புகுந்தது. இது வெறும் பெயர்மாற்றமன்று. அறிவியற் புனைவை மருட்கை மரபோடு இணைத்த மொழிபெயர்ப்புத் திறன் என்க. உடலின் ஒரு பகுதி காணப்பட்டு மறுபகுதி மறைந்து வாழ்பவன் இக்கதைத் தலைவன். தான் முழுதும் தோன்றுங்கால் எளியவன்; மறைந்தபொழுதே ஆற்றலுடையவன். அவனைக் கண்டு வாசகச் சிறுவன் வெறுப்புறவில்லை, வியந்தான். வழக்கத்தினின்று வேறுபட்ட உடலைக் கண்டவுடன் எழும் முதல் உணர்ச்சி இளிவரலாக இருத்தல் வேண்டியதில்லை, மருட்கையாகவும் இருத்தல் கூடும் என்பதனை அக்கதை சொல்லாமற் சொல்லிற்று.

பின்வந்த கதைகளும் இவ்வுணர்ச்சியை வளர்த்தன. ழான் வான் ஹாம் எழுதி, போலந்து நாட்டு ஓவியர் ரொசின்ஸ்கி வரைந்து, 1977-இல் தொடங்கிய தோர்கல் வரிசை சிவகாசி வழியே தமிழுக்கு வந்தது. வைக்கிங் மக்களின் வரலாற்றுச் சூழலும், நார்ஸ் தெய்வங்களும், விண்ணிலிருந்து வந்த குழந்தையும் அதில் ஒருங்கே காணப்படும். வரலாற்று மாயப்புனைவு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணனின் 'உபபாண்டவம்' (2000) பாரதக் கதையை இக்கால உரைநடையில் மீளப் புனைந்தது. கல்வியாளர் போற்றும் அப்புதினத்தையும் கடையில் தொங்கும் படக்கதையையும் ஒரே மாவட்டம் தந்தது.

இருவர் உறவு

1984-இல் 'லயன் காமிக்ஸ்' தொடங்கியபோது அதன் முதற் கதைத்தலைவி மாடஸ்டி பிளைசி. பீட்டர் ஓ'டானல் எழுத்திலும் ஜிம் ஹோல்டவே ஓவியத்திலும் 1963-இல் இலண்டன் நாளிதழில் பிறந்தவள். போரினால் ஏதிலியான சிறுமி வளர்ந்து ஒரு குற்றக்கூட்டத்துக்குத் தலைவியாகிப் பின் அதனைத் துறந்தாள். அவளுடைய தோழன் வில்லி கார்வின் அவளை 'இளவரசி' என்றே விளிப்பான். தமிழ் வாசகரும் அவளை அப்பெயராலேயே வழங்குவர்.

இவ்விருவர் உறவு நம் ஆய்வுக்குப் பெரிதும் துணைசெய்வது. ஒருவர்க்காக ஒருவர் உயிரையும் தருவர், ஆயினும் அவர்கள் கணவன் மனைவியரல்லர், காதலரும் அல்லர். களவு, கற்பு என்னும் இரு கைகோளுள் எதிலும் அடங்காத உறவு இது. வீரத்தில் தலைவி ஒருபடி மேம்பட்டு நிற்கின்றாள்; அதனால் தோழன் சிறுமையுறவில்லை. ஆண்மை, பெண்மை என்பனவற்றுக்குக் குடும்பக் கதைகள் வரைந்த எல்லைக்கோடுகள் இவ்விருவரிடத்துச் செல்லா.

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே கொண்ட கேண்மையைப் போற்றிய மரபு நமது. அக்கேண்மையை இன்றைய பெயரொன்றில் அடைப்பது முறையாகாது. ஆயினும் உறவின் பெருமை அதன் பெயரால் அமைவதன்று, அதன் உறுதியால் அமைவது என்னும் தெளிவு நம் மரபில் உண்டு. சிவகாசிப் படக்கதையைப் படித்த இளைஞர் பெயரிடப்படாத உறவொன்றை ஐயமின்றி ஏற்றனர். இவ்வேற்பு பால்புதுமைக் காதலை ஏற்றதற்குச் சான்றாகாது. ஆயினும் நிலம் உழப்பட்டிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

குறையையும் கூறுதல் வேண்டும். இப்படக்கதைகளிற் பெரும்பாலானவை ஆடவர் உலகம். மேற்கத்திய வெள்ளையர் வீரமே பல கதைகளின் உயிர்நாடி. பால்புதுமையர் வெளிப்படையாகத் தலைமைபெற்ற கதை அவற்றில் அரிது. மருட்கை இருந்தது, அம்மருட்கை காதற்குப் பயன்பட்டிலது.

தமிழ்ப் புனைவின் நிலை

கரிசல் வட்டாரத்தின் மற்றோர் ஊராகிய இடைசெவலிற் பிறந்த கி. ராஜநாராயணன் 'கோமதி' என்னும் சிறுகதையில் பெண்மை இயல்புடைய ஆண்மகன் ஒருவரை நடுவிடத்து நிறுத்தினார். அவர் சமையற் கலையில் வல்லவர். கதை நகையில் தொடங்குகின்றது. ஊரார் கண்ணில் கோமதி வேடிக்கைப் பொருள். ஆயினும் ஆசிரியர் அவருடைய ஆசையையும் நாணத்தையும் உள்நின்று காட்டுகையில், எள்ளலிற் பிறந்த நகை தளர்கின்றது. சிரித்தவனே தலைகுனியும் நிலை உண்டாகின்றது. நகையை நகையாலேயே வென்ற கதை அது.

1978-இல் வெளிவந்த கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' ஆடவரிடை உறவை மறைக்காது எழுதிய துணிவுடைய புதினம். ஆயினும் அவ்வுறவு அங்கே சுரண்டலோடும் நோயோடும் பிணைந்து நிற்கின்றது. உடலின் பசி கூறப்பட்டது. இருவர் தம்முள் ஒத்த அன்பு கூறப்படவில்லை. எனவே அந்நூலின் ஓங்கிய மெய்ப்பாடு இளிவரலே.

சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' (1994) சுயம்பு என்னும் இளைஞன் மேகலையாக மாறுவதைக் கூறுகின்றது. குடும்பம் துரத்துகின்றது, ஊர் இகழ்கின்றது, வாசகன் அழுகின்றான். அழுகைக்குரிய இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு களங்களும் அந்நூலில் உள. வெகுமக்கள் இதழின் வாசகரிடையே இரக்கத்தை விளைத்த பெருமை அதற்குண்டு. 2007-இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' வந்தபோது, பிறர் இரங்கிக் கூறிய கதை தாமே உரைக்கும் கதையாயிற்று. தன்வரலாறு பெருமிதத்தின் தறுகணைச் சேர்த்தது. 2018-இல் வெளிவந்த கிரீஷின் 'விடுபட்டவை' தன்பாலீர்ப்புடைய ஆடவர் ஒருவரின் குரலைத் தமிழில் நேரே ஒலிக்கச் செய்தது. தலைப்பே தொகுப்பாளர்க்கும் ஆய்வாளர்க்கும் கூறிய குற்றச்சாட்டாக அமைந்துள்ளது.

இவ்வரிசை வளர்ச்சியைக் காட்டுகின்றது. ஆயினும் வெற்றிடமும் தெரிகின்றது. இந்நூல்களைப் படிக்கும் பால்புதுமை இளைஞன் தன் துன்பத்தைக் காண்பான்; தன் மணநாளைக் காணான். வாசகர் அவன்மீது இரங்குவர். அவன் மகிழ்ச்சியில் பங்குகொள்ளும் வாய்ப்பைப் பெறார். கூவாகத்துக் கூத்தாண்டவர் விழாவை எண்ணுக. சித்திரைத் திங்களில் திருநங்கையர் அரவானுக்கு மனைவியராகித் தாலி அணிவர். மறுநாளே தாலியறுத்து அழுவர். சடங்கிலும் உவகைக்குக் கிடைத்தது ஒரே இரவு. அவ்விரவைப் புலரவிடாது நீட்டும் கடமை இலக்கியத்துக்கு உரியது.

மூன்று நூல்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற மூன்று நூல்களை இனி ஒப்புநோக்குவோம்.

அம்ருதா பாட்டீலின் 'காரி' (2008) இந்தியப் பெண் ஒருவர் எழுதி வரைந்த படக்கதைப் புதினம். காரியும் ரூத்தும் காதலித்தவர்கள். இருவரும் உயரத்திலிருந்து வீழ்கின்றனர். ஒருத்தியைப் பாதுகாப்பு வலை காக்கின்றது. மற்றவளை நகரின் கழிவுநீர் ஏந்திக்கொள்கின்றது. ரூத் நகரை நீங்க, காரி மும்பையில் தனித்து வாழ்கின்றாள். இரவில் அக்கழிவுநீர்க்கண் படகு செலுத்துபவளாகத் தன்னைக் காண்கின்றாள். நீர், படகு, பிரிவு என்னும் இவற்றைக் காணுங்கால் நெய்தல் நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின் இது கழியும் கானலும் அழிந்த நெய்தல். நகரம் நஞ்சாக்கிய நெய்தல். பிரிவின் அழுகையும், நகருக்கடியில் மற்றொரு நகர் காணும் மருட்கையும் இதில் கலந்துள்ளன. வரிக்கு வரி பொருள் கூறாது கருமையும் வெண்மையும் கொண்டே துயரைக் காட்டியது ஓவியத்தின் வெற்றி. அழுகையிற் தொடங்கிய நூல், காரி மீண்டும் விளிம்பில் நின்றும் வீழாது திரும்புவதில் முடிகின்றது. உவகை எய்தப்படவில்லை, உயிர் எய்தப்பட்டது.

தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021) வரலாற்று மாயப்புனைவு. 2022-இல் உலக மாயப்புனைவு விருது பெற்றது. பண்டை இந்தியாவை நினைவூட்டும் கற்பனை நாட்டில், எரியூட்டப்பட மறுத்த மாலினி என்னும் அரசகுமாரி, தன் தமையனாகிய பேரரசனால் பாழடைந்த கோயிலொன்றில் சிறைவைக்கப்படுகின்றாள். அங்குப் பணிப்பெண்ணாக வரும் பிரியா கோயில் மரபின் மறைந்த ஆற்றலைத் தன்னுள் கொண்டவள். இவ்விருவர் காதலே நூலின் உயிர்.

மெய்ப்பாட்டியல் தலைமக்களுக்குரிய ஒப்புமைகளைப் பத்தாக எண்ணும். பிறப்பு, குடிமை, திரு ஆகியவற்றில் மாலினியும் பிரியாவும் ஒவ்வார். ஒருத்தி பேரரசின் மகள். மற்றவள் அப்பேரரசு அழித்த இடத்தில் எஞ்சியவள். மாயப்புனைவு இக்குறையை நிரப்புகின்றது. காடும் கொடியும் பிரியாவின் ஏவலுக்கு இசையும்போது அவள் ஆற்றல் மாலினியின் அரசியல் அறிவுக்கு ஈடாகின்றது. மருட்கை இந்நூலில் அணியாக நிற்கவில்லை. ஒப்பு விளைக்கும் கருவியாக நிற்கின்றது. இதுவே இந்நூலில் நாம் கண்ட தலையாய நயம். குறையும் உண்டு. படையும் சூழ்ச்சியும் பெருகப் பெருக அகத்தைப் புறம் மூடிவிடுகின்றது. ஆயினும் இரு பெண்டிர் காதலால் அன்றித் தத்தம் கடமையால் பிரிகின்றனர். கடமையாற் பிரிவது நம் பாலைத்தலைவன் பிரிவே. அப்பிரிவில் இழிவில்லை.

ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' 2016-இல் தொடங்கிய படக்கதை. நிக், சார்லி என்னும் பள்ளி மாணவர் இருவரின் காதல் அதன் பொருள். நிக் ரக்பி ஆட்டக்காரன்; காதல் ஆடுகளத்தில் வளர்கின்றது. உவகையின் களங்களுள் விளையாட்டு என்பது ஒன்று என முன்னர்க் கூறினோம். அதற்கு உரை எழுதியதுபோல் இக்கதை அமைந்துள்ளது. உள்ளம் நெகிழும் இடங்களில் சிறு இலைகள் கட்டத்தின் எல்லையைக் கடந்து பறப்பதாக ஓவியர் வரைகின்றார். கதைமாந்தர் வாய் திறவார், இலை பேசும். அகப்பாடலில் கருப்பொருள் ஆற்றும் பணியை ஒருபுடை இவ்விலை ஆற்றுகின்றது. இக்கதையில் துன்பம் இல்லாமலில்லை. பள்ளியில் இகழ்ச்சியும் சார்லியின் மனநோயும் பேசப்படுகின்றன. ஆயினும் துன்பம் காதலால் வந்ததன்று, காதலைக் காணமாட்டாதவரால் வந்தது என்னும் வேறுபாட்டை ஆசிரியர் ஓரிடத்தும் மறவார். சூழ்ச்சியும் திருப்பமும் குறைந்த இக்கதையை எளிமை என்று சிலர் தள்ளக்கூடும். உவகையை எளிதிற் காட்டுவது எளிதன்று என்பதே நம் கருத்து.

ஒரு தடையும் விடையும்

அகத்திணை கிழவனையும் கிழத்தியையும் பற்றியதன்றோ, பால்புதுமைக் காதலை அதனால் அளப்பது வலிந்து கோடல் ஆகாதோ என வினவலாம். இவ்வினா நேரியது. தொல்காப்பியம் இத்தகு காதலுக்கு இலக்கணம் வகுத்தது எனக் கூறுவது ஆய்வுநெறி அன்று. பழைய நூற்பாவைப் புதிய கொள்கைக்குச் சான்றாக வளைப்பவர் இரண்டிற்கும் தீங்கு செய்வர்.

ஆயினும் இரண்டு செய்திகளைக் காண்க. கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தாரைச் சுட்டும் பெயர்கள் உயர்திணைக்கண்ணே வைக்கப்பட்டன. அவர்க்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைப் பால்ஈறுகளையே அவர் பெறுவர். ஈறு இல்லாமை மொழியின் குறை. திணை மறுக்கப்படாமை மொழியின் நிறை. இரண்டாவது, அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறாது. பெயர் நீங்கியமையால் அவ்வன்பு எவர்க்கும் உரியதாகும் பொதுமை பெற்றது. ஒப்பும் பொதுமையும் அளவுகோல்கள். அளவுகோலை வகுத்தவன் அளக்காத பொருளையும் பின்வந்தோர் அதனால் அளத்தல் கூடும்.

திருவில்லிபுத்தூர் சிவகாசிக்கு அண்மையில் உள்ளது. பெரியாழ்வார் யசோதையின் குரலிற் பாடியது அவ்வூரில். ஆடவர் உடலினின்று பெண்குரல் எழுவதைக் கேட்டுக் கைகூப்பிய மக்கள் நம் மக்கள். பத்தியில் ஏற்றதைப் புனைவில் ஏற்கத் தயங்குவது மரபின் ஆணை அன்று, பழக்கத்தின் சோர்வே.

படக்கதை இலக்கியமாகுமோ என்னும் மற்றொரு தடைக்கு விடை சுருக்கமானது. வனப்பு எட்டனுள் விருந்து என ஒன்று உண்டு. புதிதாகப் புனையும் யாப்புக்கு இடம்விட்டு வைத்த இலக்கணம் நமது. விருந்தினரை வாயிலில் நிறுத்துதல் தகாது.

முடிபு

நகை, இளிவரல், அழுகை என்னும் படிகளைப் பால்புதுமைக் கதை தமிழில் கடந்துள்ளது. அடுத்த படிகள் மருட்கையும் உவகையும். 'காரி' மருட்கையால் உயிர் மீட்டது. தாஷா சூரியின் நூல் மருட்கையால் ஒப்பு விளைத்தது. ஓஸ்மனின் படக்கதை விளையாட்டால் உவகை விளைத்தது. இவை தமிழ்க்கு அயலான வழிகள் அல்ல. இரும்புக்கை மாயாவியை வியந்து ஏற்ற வாசகர் மரபு இங்கே ஐம்பதாண்டுகளாக உண்டு.

தமிழ்த் துறைகள் செய்யத்தக்கன மூன்று. சிவகாசிப் படக்கதைகளை 1972 முதல் வரிசைப்படத் தொகுத்துப் பல்கலைக்கழக நூலகங்களிற் காத்தல் முதலாவது. மலிந்த தாளில் அச்சான பழைய இதழ்கள் நொறுங்கிவருதலின் இப்பணி காலம் தாழ்த்தற்குரியதன்று. அவற்றின் மொழிபெயர்ப்புத் தமிழை, பெயரிடும் முறையை, ஓவியத்தோடு சொல் இயையும் திறத்தை முதுகலை மாணவர் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் இரண்டாவது. பால்புதுமையர் பற்றிய நூல்களைச் சமூகச் சிக்கலின் சான்றுகளாக மட்டும் கருதாது, அவற்றின் மெய்ப்பாட்டை ஆராய்ந்து இலக்கியமாக மதிப்பிடுதல் மூன்றாவது. இரங்கத்தக்க பொருளைக் கூறினமையால் ஒரு நூலைப் பாராட்டுவதும் பொருட்படுத்தாமையின் ஒரு வகையே.

நாரணாபுரத்திலும் அதன் சுற்றூர்களிலும் வண்ணம் கலக்கும் கைகளுக்குக் குறைவில்லை. அச்சகமும் உண்டு, கதைகளை மாதந்தோறும் எதிர்நோக்கும் வாசகரும் உளர். அவ்வச்சகத்து இளைஞர் இருவர் ஒருவரையொருவர் விரும்பினர் என்றும், அவ்விருப்பம் இடுகாட்டில் முடியவில்லை என்றும் கூறும் ஒரு படக்கதை அங்கே தமிழில் வரையப்படுமாயின், அதனை வியப்பாகவும் பின் இயல்பாகவும் ஏற்கும் வாசகரை நாம் முன்னரே பெற்றுள்ளோம் என்பது நம் துணிபு.